கற்றாளை இலைக்குள் ஒரு பென்சில் கூர்

கிறமக்சோன் என்ற களைநாசினி புழக்கத்தில் இருந்த காலத்தில் தோட்டம் செய்தவர்களுக்கு இது தெரியும்: மருந்து அடித்த பிறகு நல்ல வெயில் எறித்தால் புல் கெதியாக வாடிக் கருகும், மழைமூட்டமாக இருந்தால் இழுத்தடிக்கும். அதிலிருந்த பரகுவாற்றை இலங்கையில் 2008இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து 2011இல் நிறுத்திவிட்டார்கள். அது ஏன் வெயிலோடு சேர்ந்து கொன்றது என்ற கேள்விக்குரிய விடையில் வரும் ஐதரசன் பரவொட்சைட்டு என்ற பொருளைத்தான் நான் இங்கே செடியின் இலைக்குள் அளக்கப் பார்த்தேன். ஒளித்தொகுப்பு நடக்கும்போது பச்சையவுருமணிக்குள் ஓடும் இலத்திரன்களைப் பரகுவாற்று இடையில் பறித்து ஒட்சிசனிடம் கொடுத்துவிடும். ஒட்சிசன் சுப்பரொட்சைட்டாக மாறும். அதிலிருந்து ஐதரசன் பரவொட்சைட்டு வரும். அது இரும்பு அயனைச் சந்தித்தால் ஐதரொட்சில் மூலிகம் என்ற மூர்க்கமான துணிக்கை பிறந்து, கண்ணில் பட்ட கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் சிதைக்கும். இரும்பும் பரவொட்சைட்டும் சேர்ந்தால் வரும் மூர்க்கத்தை 1894இல் விவரித்தவர் ஹென்றி பென்ரன்; மூலிகம் என்ற விளக்கம் பிறகு வந்தது.

இதற்கு மருந்துதான் வேண்டும் என்றில்லை. கடும் வெயில், உப்புத் தண்ணீர், பூச்சிக்கடி, பங்கசு என்று எது வந்தாலும் தாவரக் கலங்களில் இந்தச் சரக்குக் கூடும். ஒட்சியேற்றத் தகைப்பு என்று சொல்வது இதைத்தான். அதே பரவொட்சைட்டைத் தாவரம் வேண்டுமென்றும் செய்கிறது. கலமென்சவ்வில் இருக்கும் ஒரு நொதியம் அதற்கென்றே வேலை செய்து, காயப்பட்ட இடத்திலிருந்து மற்ற இலைகளுக்குச் செய்தி அனுப்புகிறது. அராபிடொப்சிசு என்ற ஆய்வுகூடச் செடியில் அந்த அலை நிமிடத்துக்குச் சுமார் 8 சதமமீற்றர் ஓடுவதாக 2009இல் அளந்திருக்கிறார்கள்.

சுப்பரொட்சைட்டும் ஐதரொட்சிலும் பிறந்தவுடன் அழிந்துவிடும். பரவொட்சைட்டு மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்து, மென்சவ்வுகளையும் கடந்து வெளியே வரும். வீட்டு மேசையில் வைத்து அளக்கக்கூடியது அது ஒன்றுதான். வழமையாக இலையைப் பிடுங்கிச் சாயத்தில் ஊறப்போட்டு, மண்ணிறப் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும் இலை அதோடு சரி. எனக்கு வேண்டியிருந்தது செடியில் நிற்கிற இலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கோடு.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். ஆகவே கரைசல் வேலை எனக்குப் பயமில்லை. சுற்று வேலைக்கு, முன்பு என்னிடம் படித்து இப்போது போன் திருத்தும் ஒரு தம்பி உதவினான்.

சுற்று

மூன்று மின்வாய்கள் வேண்டும். அளக்கும் மின்வாய், அதன் அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டேற்று மின்வாய், மின்னோட்டத்தைக் கொண்டுபோக ஒரு துணை மின்வாய். மாட்டேற்று மின்வாயில் மின்னோட்டம் ஓடக்கூடாது. ஓடினால் அதன் அழுத்தமே நகரும். இதைப் பார்த்துக்கொள்வது ஒரு ஒப்-ஆம்ப், அதாவது சிறிய மின் சைகையைப் பெருக்கும் ஐ.சி. அளக்கும் மின்வாயில் வரும் மின்னோட்டத்தை வோல்ற்றாக மாற்றுவது இன்னொன்று. இந்த ஏற்பாட்டுக்குப் பொட்டென்சியோஸ்ராற் என்று பெயர். ஆய்வுகூடத்துக்கு வாங்கினால் மோட்டார்ச் சைக்கிள் விலை கேட்கும். அடிப்படை வேலைக்கு ஒரு இரட்டை ஒப்-ஆம்பே போதும்.

எந்த ஒப்-ஆம்ப் என்பதில்தான் விசயம் இருக்கிறது. ரவுணுக்குள் எந்தக் கடையிலும் கிடைப்பது எல்.எம். 358.

"சேர், 358 எவ்வளவு வேணுமெண்டாலும் சும்மாவே தாறன். நீங்கள் கேக்கிற சாமான் இஞ்சை இல்லை, கொழும்பாலைதான் எடுக்கவேணும்" என்றான் தம்பி.

358இன் உள்ளீட்டுக் கால்களே பத்துக்கணக்கான நனோ அம்பியரை இழுக்கும். நாங்கள் அளக்கப்போவதே சில நனோ அம்பியர் என்றால் அதில் எது இலை, எது ஐ.சி.? எல்.எம்.சி. 6482 இழுப்பது ஒரு பிக்கோ அம்பியரிலும் குறைவு, 3.3 வோல்ற்றிலும் வேலை செய்யும். அதையே எடுத்தோம். பின்னூட்டத் தடையி 1 மெகா ஓம். அப்படிப் போட்டால் 1 நனோ அம்பியர் 1 மில்லி வோல்ற்றாக வெளியே வரும், கணக்குப் பார்க்கவும் லேசு. அதற்குச் சமாந்தரமாக 100 நனோ பரட் கொள்ளளவி. இந்த இரண்டும் சேர்ந்து 1.6 ஹேர்ட்ஸுக்கு மேலே வருவதை அமுக்கும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் முப்பதில் ஒரு பங்காகிவிடும். இலை அவ்வளவு வேகமாக எதையும் சொல்லப்போவதில்லை.

வாசிப்புக்கு ஏ.டி.எஸ். 1115, கொடுக்கும் அழுத்தத்துக்கு எம்.சி.பி. 4725, இரண்டையும் ஆட்டிவைக்க ஈ.எஸ்.பி. 32 என்ற சிறு கணினிப் பலகை. அந்தப் பலகையின் வைபையை வாசிக்கும் நேரத்தில் நிறுத்தி வைக்கவேண்டும். அது அனுப்பும் ஒவ்வொரு முறையும் மின்வழங்கல் ஒரு குலுங்குக் குலுங்கும். கோட்டில் முள்ளு முள்ளாகத் தெரியும். மின்சாரம் பவர் பாங்கிலிருந்து. லப்டொப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு வாசிக்கவேண்டும். முழுவதையும் ஒரு பெரிய பிஸ்கற் தகரத்துக்குள் வைத்து, தகரத்தைச் சுற்றின் பூச்சியக் கோட்டோடு இணைத்த பிறகுதான் கோடு கோடு மாதிரி வந்தது. அதற்கு முதல் யாராவது கையை நீட்டினாலே ஆடியது.

சோல்டர் பிசின் இன்னொரு கள்ளன். மாரிக் காலத்து ஈரப்பதனில் பலகையில் மிஞ்சியிருக்கும் பிசினே மின்னைக் கடத்தும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் பழைய பற்பிரஷும் போட்டு நன்றாகத் தேய்த்துக் காயவைத்தோம். பிறகு இலைக்குப் பதிலாக 1 மெகா ஓம் தடையியை மாட்டி, 100 மில்லி வோல்ற் கொடுத்துப் பார்த்தால் 100 நனோ அம்பியர் காட்டவேண்டும். காட்டியது. இதைப் பார்க்காமல் கரைசலுக்குள் இறங்குவது வீண் வேலை. பிறகு பிழை எங்கே என்று தேடித் தலையிடிதான் மிஞ்சும்.

மின்வாய்கள்

அளக்கும் மின்வாய்: அழுத்தினால் நீளும் பென்சிலுக்குப் போடும் 0.5 மில்லிமீற்றர் கூர். காரீயம் என்பது சும்மா பெயர், உள்ளே இருப்பது கிறபைற்று என்ற காபனும் அதை ஒட்டிப்பிடிக்கும் பிசினும். வாயில் பித்தளை உள்ள பென்சிலாகப் பார்த்து வாங்கி, அந்தப் பித்தளையில் வயரைச் சோல்டர் பண்ணினால் பிடியும் அதுதான், தொடுப்பும் அதுதான். கூர் உடைந்தால் அழுத்தி அடுத்ததை வெளியே எடுக்கலாம். கூரின் பக்கமெல்லாம் கியூடெக்ஸ் பூசி, நுனியில் 3 மில்லிமீற்றர் மட்டும் வெறுமையாக விட்டேன். மினுக்கம் கலந்த கியூடெக்ஸ் வேண்டாம்; அதற்குள் என்ன தூள் போட்டிருக்கிறார்களோ தெரியாது. நிறமில்லாதது நல்லது.

துணை மின்வாய் இன்னொரு கூர். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மாட்டேற்று மின்வாய்க்கு வெள்ளிக் கம்பி. கன்னாதிட்டியில் ஒரு பத்தரிடம் போனேன்.

"என்ன தம்பி, கொலுசுக்கோ?"

"இல்லை ஐயா, ஒரு பரிசோதனைக்கு. செம்பு கலக்காத வெள்ளியாய் ஒரு சாண் காணும்."

"கலக்காட்டில் வளைஞ்சு வளைஞ்சு போகும், சொல்லிப்போட்டன்."

வளைந்தால் எனக்குக் காரியமில்லை. செம்பு இருந்தால்தான் கரைச்சல். கம்பியை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, உடுப்பு வெளுக்கப் போடும் திரவத்தில் அரை மணித்தியாலம் விட்டால் மேலே சாம்பல் கலந்த ஊதா நிறம் ஏறும். அதுதான் வெள்ளி குளோரைட்டு. ஒரு சிறிய பிளாஸ்ரிக் குழாயின் நுனியில் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில் காய்ச்சிய அகர் அகரை உறையவிட்டு, மேலே அதே கரைசலை நிரப்பி, கம்பியை உள்ளே இறக்கினேன். நோன்புக் காலத்தில் கடற்பாசி என்று விற்கும் அதே அகர்தான். கரைசல் கட்டாயம் வேண்டும்: கம்பியை நேரே இலையில் தொட்டால் அங்கிருக்கும் குளோரைட்டு எவ்வளவோ அதைப் பொறுத்து அழுத்தம் மாறும், பத்து மடங்குக்கு 59 மில்லி வோல்ற் வீதம். போதாக்குறைக்கு வெள்ளி அயன் கலங்களுக்கு நஞ்சு.

பொட்டாசியம் குளோரைட்டு என்றால் உரக்கடையில் எம்.ஓ.பி. மலிவாகக் கிடைக்குமே என்று ஒருவர் கேட்டார். அந்தச் சிவப்பு இரும்பொட்சைட்டின் சிவப்பு. இரும்பை வைத்தே அளக்கப்போகும் இடத்தில் அது வேண்டாம். ஆனால் பீ.எச்.ஐ நிலையாக வைத்திருக்கும் தாங்கற் கரைசலுக்கு உரக்கடை உதவியது: இலைக்கு விசிறும் மோனோ பொட்டாசியம் பொஸ்பேற்று, மூட்டையில் 0-52-34 என்று போட்டிருப்பது. கரைத்தால் பீ.எச். நாலரை அளவில் நிற்கும். சிறிது பொட்டாசியம் ஐதரொட்சைட்டு விட்டு ஐந்தரைக்குக் கொண்டுவந்தேன். ஏன் ஐந்தரை என்பதற்குக் கீழே வருகிறேன்.

நீலப் படலம்

வெறும் கூரிலும் பரவொட்சைட்டை அளக்கலாம். ஆனால் 0.6, 0.7 வோல்ற்றுக்கு மேல் போகவேண்டும். அந்த அழுத்தத்தில் பரவொட்சைட்டு மட்டுமா எரியும்? இலைக்குள் விற்றமின் சீ மில்லிமூலர்க் கணக்கில் இருக்கிறது. நாங்கள் தேடும் பரவொட்சைட்டு கலத்துக்கு வெளியே மைக்ரோமூலர்க் கணக்கில். விற்றமின் சீ 0.6 வோல்ற்றில் தாராளமாக ஒட்சியேறும். அப்படி வரும் கோட்டைப் பார்த்து "செடிக்குத் தகைப்பு" என்று சொன்னால் உண்மையில் சொல்வது "செடியில் விற்றமின் சீ இருக்கிறது" என்பதை மட்டும். கூரைக் குத்தினால் ஏதோ ஒரு கோடு எப்படியும் வரும். அது பரவொட்சைட்டின் கோடுதான் என்று காட்டுவதற்குத்தான் நேரம் முழுக்கப் போகிறது.

இதற்குப் புரூசிய நீலம் கைகொடுக்கும். பழைய கட்டிட வரைபடங்களை நீலப் பிரதி எடுத்தார்களே, அந்த நீலம். அதைக் கூரின் மேல் மெல்லியதாக ஏற்றிவிட்டால், வெள்ளி மாட்டேற்று மின்வாயோடு ஒப்பிட்டு 0 வோல்ற் அளவிலேயே அது பரவொட்சைட்டைத் தாழ்த்தும், அதாவது இலத்திரன் கொடுத்து மாற்றும். 0 வோல்ற்றில் விற்றமின் சீ ஒட்சியேறுவது மிகவும் குறைவு, ஒட்சிசனும் பெரிதாகத் தலையிடாது. இரசியாவில் அர்க்காடி கரியாக்கின் இதை வைத்து நிறைய வேலை செய்திருக்கிறார். செயற்கைப் பரவொட்சிடேசு என்றே இதற்குப் பெயர் உண்டு.

கரைசல் 100 மில்லிலீற்றருக்கு: பொட்டாசியம் பெரிசயனைட்டு 66 மில்லிகிராம், நீரேறிய பெரிக் குளோரைட்டு 54 மில்லிகிராம், பொட்டாசியம் குளோரைட்டு 0.75 கிராம், ஐதரோகுளோரிக்கமிலம் 0.01 மூலர் வரும் அளவுக்கு. முதல் இரண்டும் அப்போது 2 மில்லிமூலர் ஆகும். சுற்றுப் பலகை அரிக்கவென்று தம்பி கடையில் வைத்திருந்த பெரிக் குளோரைட்டு புதிய போத்தலாக இருந்தபடியால் அதையே எடுத்தேன். ஒருக்காலாவது செம்பு அரித்தது என்றால் தொடவே கூடாது. இரண்டையும் தனித்தனியே கரைத்து, ஏற்றுவதற்குச் சற்று முன்தான் கலக்கவேண்டும். கலவை மண்ணிறமாக இருக்கும். கலந்தவுடனே பச்சையோ நீலமோ ஏறினால் எங்கோ ஊத்தை இருக்கிறது, அதை ஒதுக்கிவைத்துவிட்டுத் திரும்பச் செய்வதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. பெரிசயனைட்டைச் செறிந்த அமிலத்தோடு சேர்க்கவோ, அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கவோ கூடாது. ஐதரசன் சயனைட்டு வரும். மேலே சொன்ன ஐதான அமிலம், அறைவெப்பநிலை, திறந்த யன்னல். மிச்சக் கரைசலைக் கழிவறைக்குள் ஊற்றவும் வேண்டாம். அங்கே எந்த அமிலம் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும். தனிப் போத்தலில் சேர்த்துவைத்தேன்.

கூரை அமிழ்த்தி 0.4 வோல்ற்றில் ஒரு நிமிடம். வெளியே எடுத்தால் கறுப்புக் கூரில் நீலம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் தெரியும். பிறகு இரும்பில்லாத பொட்டாசியம் குளோரைட்டு, அமிலக் கரைசலில் வைத்து −0.05க்கும் +0.35க்கும் இடையே பல தடவை ஏற்றி இறக்கவேண்டும். படலம் இறுகுவது இந்த இடத்தில். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு மேடு, திரும்பும்போது ஒரு பள்ளம்; அவை அசையாமல் நிற்கத் தொடங்கினால் போதும். கடைசியாக 100 பாகையில் ஒரு மணித்தியாலம் உலரவைப்பது. கேக் அவிக்கும் அவண் கிடைத்தது. கியூடெக்ஸை இதற்குப் பிறகுதான் பூசவேண்டும், சூட்டில் அது இளகும்.

இனி அந்த ஐந்தரை. புரூசிய நீலத்தின் எதிரி காரம். பரவொட்சைட்டைத் தாழ்த்தும்போது பிறக்கும் ஐதரொட்சைட்டு அயனே இரும்பைப் பிடித்து இழுத்துப் படலத்தைக் கரைக்கும். இரத்தம் மாதிரி பீ.எச். ஏழரையில் நிற்கும் இடத்தில் இதனால் பெரிய கரைச்சல். தாவரத்திலோ கலச்சுவர்களுக்கு இடையிலுள்ள நீர் இயல்பாகவே அமிலம், ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில். மனிதருக்குச் சங்கடம் தரும் சாமான் செடிக்குப் பொருந்திவருகிறது. நான் அளவுகோடிடும் கரைசலையும் ஐந்தரையில் வைத்தது அதற்காக.

இதோடு சேர்ந்த ஊர்ப் பிரச்சினை ஒன்று உண்டு. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, இருகாபனேற்று நிறைந்தது. மின்வாயை அதில் அலசி எடுத்தால் படலம் மெல்ல மெல்லப் போகும். கழுவ, கரைக்க எல்லாவற்றுக்கும் பற்றரிக்கு விடும் வடிநீர் மட்டும்.

முகவைக்குள்

பாமசியில் கிடைக்கும் ஐதரசன் பரவொட்சைட்டு 3 சதவீதம் என்றால் ஏறத்தாழ 0.88 மூலர். 1.13 மில்லிலீற்றரை ஒரு லீற்றராக்கினால் 1 மில்லிமூலர். ஆனால் எங்கள் வெக்கைக்குக் கடைத் தட்டில் கிடந்த போத்தலில் எழுதியிருக்கும் எண் அப்படியே இருக்கும் என்று நம்பமுடியாது. அமிலம் சேர்த்துப் பொட்டாசியம் பரமங்கனேற்றால் நியமித்துப் பார்த்தேன். உயர்தர மாணவர் செய்யும் அதே நியமிப்பு. போத்தல் சொன்னதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. நியமித்த எண்ணைக் கொண்டே ஐதாக்கினேன். இந்தக் கரைசல் அன்றன்றைக்கே செய்யவேண்டியது.

20 மில்லிலீற்றர் தாங்கற் கரைசலில் 0.2 மில்லிலீற்றர் விட்டால் 10 மைக்ரோமூலர் ஏறும். 0 வோல்ற்றில் கோடு படியும்வரை பொறுத்திருந்து, ஒவ்வொன்றாக விட விடப் படிக்கட்டு மாதிரி ஏறியது. 100 மைக்ரோமூலர் வரை படிகள் கிட்டத்தட்ட ஒரே உயரம். கூருக்குக் கூர் சரிவு, அதாவது ஒரு மைக்ரோமூலருக்கு மின்னோட்டம் எவ்வளவு ஏறுகிறது என்பது, மாறுகிறது. ஒரே பெட்டியில் எடுத்த கூர்கள்கூட ஒன்றுபோல் இல்லை. ஆகவே ஒவ்வொரு கூருக்கும் ஒரு தாள், அதில் அதன் சரிவு, இலைக்குள் போகமுன் ஒன்று, வந்த பின் ஒன்று. இரண்டும் மிகவும் வேறுபட்டால் நடுவில் எடுத்த வாசிப்பை எடுத்தெறிவதுதான்.

அடுத்தது விற்றமின் சீ குளிசை. கரைத்து வடித்து 1 மில்லிமூலர் வரும் அளவுக்கு விட்டேன். வெறும் கூர் 0.6 வோல்ற்றில் அளவுக்கு வெளியே பாய்ந்தது. நீலக் கூர் 0 வோல்ற்றில் சிறிது அசைந்து நின்றது. தம்பிக்கு இது பிடித்துவிட்டது, இரண்டு மூன்று தரம் செய்யச்சொல்லிப் பார்த்தான். ஆனால் ஒரு பொறி இங்கே ஒளிந்திருக்கிறது. விற்றமின் சீயும் பரவொட்சைட்டும் ஒரே முகவையில் இருந்தால், இரும்பு, செம்புத் துணுக்கின் உதவியோடு ஒன்றையொன்று தின்னும். படி குறைந்தால் மின்வாய் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

மூன்றாவது சோதனை உருளைக்கிழங்கு. பச்சைக் கிழங்கைத் துருவிப் பிழிந்து வடித்த சாற்றில் கற்றலேசு என்ற நொதியம் இருக்கிறது. பரவொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் உடைக்கும். சாறு விட்டவுடன் கோடு அடிக்கு விழுந்தது. அதே சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு விட்டால் விழவில்லை. கொதித்த சாறு இல்லாமல் பச்சைச் சாற்றுச் சோதனைக்குப் பெறுமதி குறைவு. கிழங்குச் சாற்றின் புரதம் கூரில் ஒட்டிக்கொண்டதால் கோடு விழுந்தது என்று யாரும் சொல்லலாம். இரண்டையும் காட்டினால் அந்த வாய் அடைபடும்.

இலைக்குள்

மிளகாய் இலை அரை மில்லிமீற்றர்க் கூருக்கு மிக மெல்லியது. கற்றாளை சதைப்பிடிப்பானது, சதைக்குள் இருக்கும் கூழும் புளிப்பு, நீலத்துக்கு உகந்தது. இன்சுலின் ஊசியால் வழி எடுத்து, கூரை மெதுவாக இறக்கி, மாட்டேற்று மின்வாயையும் துணை மின்வாயையும் தாங்கற் கரைசலில் நனைத்த பஞ்சோடு பக்கத்தில் கீறிய தோலில் வைத்துக் கட்டினேன்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். தாவரக் கலம் ஒன்று சில பத்து மைக்ரோமீற்றர். 500 மைக்ரோமீற்றர்க் கூர் ஒரு கலத்துக்குள் போகவில்லை. நூற்றுக்கணக்கான கலங்களை நசித்துக்கொண்டு நடுவில் நிற்கிறது. ஒரு கலத்தைத் தொட 7 மைக்ரோமீற்றர்க் காபன் நார், நுணுக்குக்காட்டி, கை நடுங்காத ஏற்பாடு எல்லாம் வேண்டும். என் கூர் சொல்வது அயலில் உள்ள கலங்கள் எல்லாம் சேர்ந்து வெளியே விட்டதைத்தான்.

அந்த நசிவே முதல் வாசிப்பு. குத்தியவுடன் கோடு உயர எழும்பி, பிறகு மெல்லமெல்ல இறங்கும். காயத்துக்குச் செடி கொடுத்த பதிலும் உடைந்த கலங்களிலிருந்து வந்த சாறும் கலந்தது அது. கற்றாளையில் ஒரு மணித்தியாலத்துக்குமேல் பொறுத்தால்தான் படிகிறது. முதல் அரை மணித்தியாலத்தின் கோட்டை வைத்து யாராவது எதையாவது நிறுவினால் நான் நம்பமாட்டேன்.

படிந்த பிறகு நெருப்பு. மிளகாய்ச் செடியின் கட்டைத் தண்டில் கூரை இறக்கிப் படியவிட்டு, மேலே ஒரு இலையின் நுனியை நெருப்புக் குச்சியால் சுட்டேன். சற்று நேரத்தில் கோடு எழும்பியது. சந்தோசப்படமுன் பக்கத்தில் குத்தியிருந்த வெறும் கூரையும் பார்த்தேன்: அதிலும் ஒரு எழுச்சி. வெறும் கூர் 0 வோல்ற்றில் பரவொட்சைட்டைக் கண்டுகொள்ளாது. அப்படியென்றால்? சுட்ட இலையிலிருந்து மின்செய்தி ஒன்றும் செடிக்குள் ஓடுகிறது, பத்துக்கணக்கான மில்லி வோல்ற் மாற்றம். எங்கள் மாட்டேற்று மின்வாய் அதே செடியின் மேல்தான் இருக்கிறது; செடியின் அழுத்தம் மாறினால் எங்கள் 0 வோல்ற்றும் ஆடும், ஆடினால் கூரின் மேற்பரப்பு ஏறி இறங்கும் மின்னேற்றத்தைக் காட்டும். அந்தப் பகுதி கெதியாக அடங்கிவிடும். வெறும் கூரின் கோடு திரும்பிவந்த பிறகும் நீலக் கூரின் கோடு மேலே நின்றது. மிஞ்சி நின்ற அந்தப் பகுதியை மட்டுமே பரவொட்சைட்டு என்று எழுதிவைத்திருக்கிறேன். அதிலிருந்து இத்தனை மைக்ரோமூலர் என்று எண் சொல்லமாட்டேன்; முகவையில் கிடைத்த சரிவு தண்டுக்குள் அப்படியே பொருந்தாது, அங்கே கரைசல் அசைவதில்லை. கூடியது, குறைந்தது, எவ்வளவு நேரத்தில் என்பவை மட்டும் சரி.

எண் வேண்டுமென்றால் இலைத் தட்டு நல்லது. தாள் துளைக்கும் கருவியால் மிளகாய் இலையில் வட்டத் தட்டுக்கள் வெட்டி, வெட்டிய காயம் ஆறும்வரை தாங்கற் கரைசலில் மிதக்கவிட்டு, பிறகு புதுக் கரைசலுக்கு மாற்றி அந்தக் கரைசலை அளப்பது. செடியோடு இருக்கும் இலை இல்லைத்தான். ஆனால் கலங்கள் உயிரோடு இருக்கின்றன, கிழங்குச் சாறு விட்டுச் சரிபார்க்கலாம், கொதித்த சாறும் விடலாம். வெயிலுக்கு வைத்த தட்டும் நிழலில் வைத்த தட்டும் வேறுபடுவது இதில் தெளிவாக வந்தது. இரண்டையும் ஒரே வெப்பநிலைத் தண்ணீர்த் தட்டத்தில் வைத்தே செய்தேன். சூடு மட்டும் கூடினாலும் கூரின் வாசிப்புக் கூடும்.

உப்பு

இந்த வேலைக்கு என்னை இழுத்தது உப்புத்தான். கோப்பாயில் தரவைப் பக்கம் பெரியப்பா வெங்காயமும் மிளகாயும் வைக்கிறார். எங்கள் நிலத்துக்கடியில் நன்னீர் உப்புநீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கோடையில் அதிகம் இறைத்தால் கீழே இருப்பது மேலே வரும். இலை நுனி கருகமுன்னரே செடி அதைச் சொல்லுமா என்பது கேள்வி.

"அப்ப உது உப்பு ஏறினதைச் சொல்லுமோ?" என்று கேட்டார் பெரியப்பா.

"உடனை சொல்லாது பெரியப்பா. உப்பு முதல்லை என்ரை கூரையே பழுதாக்குது."

"நான் கிணத்துத் தண்ணியை ஒரு வாய் குடிச்சால் சொல்லிப்போடுவன்."

அவர் சொன்னது தண்ணீரைப் பற்றி. எனக்கு வேண்டியது இலையைப் பற்றி. கூர் பழுதாவது இப்படி: புரூசிய நீலம் இலத்திரன் ஏற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நேரயன் அதன் கூட்டுக்குள் நுழையவேண்டும். பொட்டாசியம் அயன் இலகுவாக நுழையும். சோடியம் அயன் தன்னைச் சுற்றித் தண்ணீரைக் கட்டிக்கொண்டு திரிவதால் அந்தத் துவாரத்துக்குப் பெரிது, உள்ளே போகச் சண்டை பிடிக்கும். ஆகவே கறியுப்புக் கரைசலில் கிடந்த இலைத் தட்டை அளந்தால், இலை மாறியதா கூர் மாறியதா என்று பிரிக்கமுடியாது. அதுவும் பிழை எந்தப் பக்கம் என்று பாருங்கள்: உப்பில் கூரின் உணர்ச்சி குறைகிறது. செடி கூடுதலாகப் பரவொட்சைட்டு விட்டாலும் கோடு பேசாமல் இருக்கக்கூடும்.

இப்போது செய்வது இதுதான். எல்லாக் கரைசலிலும் பொட்டாசியம் ஒரே அளவு. சோடியம் குளோரைட்டு மட்டும் 0, 50, 100 மில்லிமூலர். ஒவ்வொன்றிலும் அந்தந்தக் கூருக்குத் தனித்தனிச் சரிவு எடுக்கிறேன். இலைத் தட்டை உப்பில் ஊறவிட்டு, அளக்கும்போது உப்பில்லாத கரைசலுக்கு மாற்றி ஒரு வாசிப்பும், உப்புக் கரைசலிலேயே வைத்து அந்தச் சரிவால் பிரித்து ஒரு வாசிப்பும். மிளகாயில் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன: உப்பில் ஊறிய தட்டு கூடுதலாக விடுகிறது. ஆனால் ஒரே செடியின் மூத்த இலைக்கும் இளம் இலைக்கும் உள்ள வித்தியாசமே கிட்டத்தட்ட அவ்வளவு வருகிறது. அதனால் நுனியிலிருந்து எண்ணி ஒரே இடத்து இலையை மட்டும், ஒரே நேரத்தில் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். வெங்காயத் தாள் உள்ளே வெறுமை, தாள் துளைக்கும் கருவி அதை நசித்துவிடுகிறது. சவர அலகால் குறுக்கே வளையமாக வெட்டி மிதக்கவிட்டுப் பார்க்கிறேன். வெட்டுமுகம் அதிகம் என்பதால் காயம் ஆறப் பிடிக்கும் நேரம் மிளகாயைவிட நீளம். வெட்டும்போது வரும் கந்தகச் சரக்குகள் நீலப் படலத்தை என்ன செய்கின்றன என்பதற்கு அதே சாற்றில் தெரிந்த அளவு பரவொட்சைட்டை விட்டுத் தனியாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.